சவாரிக் குதிரையின் சௌக்கியம்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கிறதாம். கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்கிறதாம். குதிரையைப் பற்றி நம்மவர் வெகுகாலமாகச் சொல்லிவரும் புகார் இது. போதாததற்கு, கீழே தள்ளிய குதிரை குழியும் பறித்தது என்று இன்னொரு பழி. இரண்டையும் சொன்னவர்கள் மனிதர்களே. குதிரையிடம் யாரும் வாக்குமூலம் வாங்கியதாகத் தெரியவில்லை. இவ்வாரம் அதன் தரப்பைச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பட்டணம் போகிறவர்கள், பரங்கிமலையையும் கிண்டியையும் தாண்டும்போது, இவை ஒரு காலத்தில் குதிரைகளின் ராஜ்யமாக இருந்ததை நினைப்பதில்லை. கும்பெனியாரின் சென்னைப் பீரங்கிப் படைக்குப் பரங்கிமலையே தலைமையிடம். கிண்டியில் 1777-ஆம் ஆண்டிலேயே பந்தயம் தொடங்கிற்று. இன்று நம் குழந்தைகளுக்குக் குதிரை என்றால், மெரினாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைதான். வசதியுள்ள சிலர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குதிரையேற்றம் கற்கப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். ஏறிச் சவாரி செய்கிறோம், கூலியும் கொடுக்கிறோம். நம்மைச் சுமக்கும் ஜீவன் சௌக்கியமாக இருக்கிறதா என்று கேட்கிறோமா?

கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கியதையும், மன்னர்கள் பெரும் பொருள் கொடுத்து அவற்றை ஆயிரக்கணக்கில் வாங்கியதையும் கூறுகிறார். ஆண்டு முடிவில் மிகச் சிலவே உயிரோடிருந்தன என்றும் கூறுகிறார். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இல்லையாம்; வேகவைத்த சோறும் இறைச்சியும் தீனியாம். அயல்நாட்டார் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆயினும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அக்குதிரைகளைக் கொன்றது கொடுமை அன்று, அறியாமை. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாஸ்திரங்கள் படைத்த தேசம் இது. சாஸ்திரம் ஏட்டிலும் குதிரை லாயத்திலும் தனித்தனியே இருந்தால் யாருக்கு என்ன பயன்?

முதலில் வயிறு. குதிரையின் தேகம் பெரிது, இரைப்பையோ சிறிது. தன் போக்கில் விட்டால் நாளில் பதினாறு மணி நேரம் வரையில் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த புல்லாக நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ வரை வேண்டும். தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையலாகாது. நம் கோடையில் இதைப்போல் இரண்டு மடங்கும் போதாமற்போகும். பகலெல்லாம் பட்டினி போட்டு, இரவில் ஒரேயடியாகக் கொள்ளையும் தவிட்டையும் கொட்டினால் வயிற்று வலி காணும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே மனிதருக்குச் சாதாரணமான வயிற்று வலி, அதற்கு எமனாகிவிடுவதும் உண்டு.

அடுத்தது வாய். குதிரையின் பற்கள் ஆயுளின் பெரும்பகுதி வளர்ந்துகொண்டே வருபவை. அரைத்து அரைத்து அவற்றின் ஓரங்கள் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கும். வருஷத்துக்கு ஒரு முறையேனும் வைத்தியர் பார்த்து, அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டும். உள்ளே புண்ணை வைத்துக்கொண்டு, கடிவாளத்தைக் கண்டதும் வாயை மூடினால் அது அடங்காமையா?

பிறகு முதுகு. சேணம் முதுகெலும்பின்மேல் அழுந்தலாகாது. இருபுறமும் தசையின்மேல் பரவி உட்கார வேண்டும். ஆளும் சேணமுமாகச் சேர்ந்த பாரம், குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொதுவான அளவு. சேணத்தடியில் சீழ் பிடித்த புண்ணிருக்க, அதன்மேல் ஏறி அமர்ந்தவர் விழுந்தால், குழி பறித்தவர் யார் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

குளம்பு நம் நகத்தைப் போல வளர்வது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவி, லாடத்தை மாற்றிக் கட்டாவிட்டால் நடையே கோணிப்போகும்.

நம் கடற்கரைக்கென்றே ஒரு விசேஷத் துன்பமும் உண்டு. குதிரை வியர்த்துத்தான் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. சென்னையின் ஈரக் காற்றிலோ வியர்வை எளிதில் உலர்வதில்லை. சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோய், மூச்சு இரைக்கத் தொடங்கும். களைத்த குதிரைமேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்பது பழைய பயம். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு நடந்த ஆராய்ச்சிகள் அந்தப் பயத்தைப் போக்கின. தாராளமாகக் குளிர்ந்த நீர் ஊற்றுவதே உடம்பின் சூட்டை விரைவில் தணிக்கும் வழி.

இவ்வளவும் செய்து, ஒற்றைக் கொட்டிலில் தனியே கட்டிவைத்தாலும் குதிரை வாடும். அது கூட்டத்தில் வாழப் பிறந்த பிராணி. துணைக்கு இன்னொரு குதிரையும், காலாற நடக்க இடமும் வேண்டும்.

குதிரைக்காரரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் பிழைப்பும் அந்த நான்கு கால்களின்மேல்தான் நிற்கிறது. அவருக்கு உதவ, 1903-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. நமக்கும் ஒரு கடமை உண்டு. குழந்தையை ஏற்றுமுன் விலா எலும்பு தெரிகிறதா, சேணத்தடியில் புண் உண்டா, நடையில் நொண்டல் உண்டா, அருகில் நிழலும் தண்ணீரும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். குறை கண்டால் குழந்தைக்குக் காரணத்தைச் சொல்லி, வேறொரு நாள் வருவோம். நன்றாக வைத்திருப்பவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுப்போம். உச்சி வெயிலில் சவாரி கேளாதிருப்போம். குதிரையேற்றத்தின் முதற்பாடம் ஏறுவதற்கு முன்பே தொடங்குகிறது என்பதைக் குழந்தைகள் நம்மிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.