இரண்டில் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள்

பாலித் தீவின் குளுங்குங் பகுதியில் திஹிங்கான் என்றொரு ஊர். வெண்கல வாத்தியம் செய்யும் 'பாண்டே' கொல்லர்களின் ஊர். அங்கே ஒரு பட்டறையில், 'கங்சா' வாத்தியத்தின் ஒரே ஒரு தகட்டுக்குச் சுருதி சேர்ப்பதைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தகட்டின் அடிப்புறம் நடுவில் ராவினால் சுருதி இறங்கும். முனையில் ராவினால் ஏறும். நாலு இழுப்பு, ஒரு தட்டு, காதைக் கொடுத்துக் கேட்பது, மறுபடி அரம்.

ஜோடிக் கங்சாவின் தகட்டுக்கு வந்ததும் அசந்துபோனேன். அதன் சுருதியைக் கொல்லர் வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கி வைத்தார். ஒன்று நொடிக்கு 400 முறை அதிர்கிறது, மற்றது 407 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துத் தட்டினால் நொடிக்கு 7 முறை ஒலி பொங்கித் தணியும். இதற்கு 'ஓம்பாக்' என்று பெயர். அலை என்று பொருள். தாழ்ந்தது பெங்கும்பாங், உயர்ந்தது பெங்கிசெப். கீழே நிற்கும் மூங்கில் குழாய்கள் அந்த நாதத்தை வாங்கிப் பெருக்குகின்றன. கேட்கும்போது காற்றே நடுங்குவது போலிருக்கும்.

அதனால்தான் கடையில் ஒற்றைக் கங்சாவைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஜோடியைப் பிரித்தால் அலை போய்விடும். வேறொரு குழுவின் வாத்தியத்தைக் கொண்டுவந்து ஈடுகட்டவும் முடியாது; ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சுருதி. கைபேசிச் செயலியை வைத்து அதைச் 'சரிசெய்வது' இன்னும் கொடுமை. அங்கே பிழை என்று எதுவுமே இல்லை.

2021இல் யுனெஸ்கோ, கங்சா உள்ளிட்ட வாத்தியக் குழுவான கமெலானை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. பாலிக்குப் போகிறவர்களே, வாங்குவதானால் ஜோடியாக வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு கோயில் திருவிழாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.