சாவில்லாப் பேய்

பேய்க்கதை என்றாற் பேய் உண்டோ இல்லையோ என்னும் ஐயத்தை இறுதிவரை வளர்த்துச் செல்வது மரபு. 1936 பெப்ரவரி 17ஆம் நாள் அமெரிக்கத் தினசரியில் லீ ஃபாக் எழுத, ரே மூர் வரையத் தொடங்கிய 'ஃபாண்டம்' என்னும் சித்திரத் தொடர்கதையோ அம்மரபினைத் தலைகீழாக்கிற்று. பேய் இல்லை என்பது வாசகன் அறிந்தது, கதைமாந்தரே அறியாதவர்.

1536ஆம் ஆண்டிற் சிங் கடற்கொள்ளையரின் தாக்குதலுக்குத் தப்பிக் கரையொதுங்கிய ஒருவன், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது கைவைத்து, கொள்ளையையும் கொடுமையையும் ஒழிப்பதே தன் குலத்தொழில் எனச் சூளுரைக்கின்றான். அவன் மாள, மகன் அதே முகமூடியை அணிகின்றான். பின்னர் அவன் மகன். இவ்வாறு இருபத்தொரு தலைமுறை. ஆள் மாறியதை அறியாத உலகம், ஒருவனே நானூறாண்டாக இறவாது உலாவுகின்றான் என நம்பி, 'நடமாடும் பேய்' என அஞ்சுகின்றது. உண்மையறிந்தோர் பந்தார் என்னும் குறுமக்கள் முதலிய மிகச் சிலரே.

இத்தகைய ஏடுகளைச் சிறுவர் கையிற் கண்டாற் பறித்தெறியும் ஆசிரியர் உளர். நாம் அது செய்யோம். பேயின் பக்கத்தில் அமர்ந்து, பேய்க்கு அஞ்சுவோரைக் கண்டு நகைத்த பிள்ளை, புளியமரத்தடியையும் சற்றுத் துணிவோடு கடப்பான் அன்றோ?

ஆயினும் உறுத்துவது ஒன்றுண்டு. அஞ்சுவோர் கயவர் மாத்திரம் அல்லர். காட்டு மக்கட் குடிகள் பலவும் அப்பொய்யினுள்ளேயே வாழ்கின்றன. அவர்க்கு அமைதி கிட்டுவது வெள்ளையன் ஒருவனின் மறை வெளிப்படாதிருக்கும் அளவே. காவலன் நல்லவன், அதில் ஐயமில்லை. காக்கப்படுவோரோ இருபத்தொரு தலைமுறை கடந்தும் உண்மையறியத் தகாதவராகவே வரையப்பட்டனர். ஐரோப்பியர் பிறர் நாடுகளை ஆண்ட காலத்தின் நிழல் இது.

1964இற் பம்பாயிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'இந்திரஜால்' பதிப்பினர் இதன் ஒரு கூற்றை உணர்ந்தனர் போலும். அவர் கையில், வங்காளத்தை நினைவூட்டிய நாட்டுப் பெயர் 'டெங்காலி' ஆயிற்று. சிங் கொள்ளையர் 'சிங்கா' கொள்ளையர் ஆயினர். பெயர்கள் மாறின. மண்டையோட்டு அரியணை இருந்த இடத்திலேயே இருந்தது.

பிற்காலத்தில் ஃபாக் அந்நாட்டை ஆபிரிக்கக் குடியரசாக்கி, லுவாகா என்னும் மருத்துவரைச் சனாதிபதியாக்கினார். மக்கள் தம் தலைவரைத் தாமே தெரிந்தெடுத்த பின்னும் பேய்க்கு ஓய்வில்லை. 1999இல் ஃபாக் மறைந்தபோதும் அம்முகமூடி கழற்றப்படாமலே இருந்தது.