நோய்முதல் நாடுவோர்

நோயுற்றார் ஒருவர் நலம் பெற்றால், அவர் வாழ்த்துவது கத்தி பிடித்த கையையும் மருந்தளித்த கையையுமே. அந்நோய் இன்னதென்று முதற்கண் தெளிந்து கூறிய கண்ணை அவர் அறியார். அவருக்கு அறிவிப்பாரும் இலர். நோய்க்குறியியல் எனப்படும் பதாலஜி கற்றோரின் நிலை இதுவே. நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று வள்ளுவர் முறை வகுத்த நாட்டில், அம்முறையின் முதற்படிக்கு உரியோர் மறக்கப்படுதல் தகாது என்பது எமது துணிபு.

அறந்தாங்கிக்கு அப்பாலுள்ள சிற்றூரினின்று தாய் ஒருத்தி மார்பில் ஒரு கட்டியுடன் மருத்துவமனைக்கு வருகின்றாள் என்று கொள்வோம். அக்கட்டியினின்று எடுத்த சிறு துண்டு பார்மலினில் பதம் செய்யப்பெற்று, மெழுகில் பொதியப்பெற்று, மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்கு கனமுள்ள ஏடாகச் சீவப்பெற்று, சாயம் ஏற்றப்பெற்று, நுண்பெருக்கியின் கீழ் வைக்கப்பெறுகின்றது. புற்றோ, தீங்கற்ற கட்டியோ என்னும் ஒரு சொல்லைப் பொறுத்தே அவள் மேற்கொள்ள வேண்டிய சிகிச்சை அமையும். அச்சொல் பிழைபடின், தேர்ந்த கத்தியும் தேர்ந்த மருந்தும் தீங்கையே விளைக்கும் அன்றோ?

இக்கலையில் எம்.டி. பட்டம் பெற, எம்.பி.பி.எஸ். முடித்தோர் மூன்று ஆண்டு பயிலுதல் வேண்டும். தசையும் உயிரணுவும் குருதியும் ஆராய்தல், பிணவாய்வு கற்றல், ஆய்வுரை எழுதுதல் ஆகியன அதனுள் அடங்கும். எனினும், நுழைவுத் தேர்வில் முதன்மை பெற்றோர் பெரும்பாலும் வேறு துறைகளை நாடுகின்றனர். "நோயாளியும் இல்லை, நன்றியும் இல்லை, ஊதியமும் குறைவு" என்பது அவர் கூறும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயின், நன்றி கிட்டாத பணி நன்மை பயவாத பணி ஆகிவிடுமோ?

நம் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை இங்கு நினைவுகூர்கின்றோம். பெண்ணைச் சேர்த்தல் ஆகாதென்று எழுந்த எதிர்ப்பினைக் கடந்து மகாராஜா கல்லூரியிற் பயின்று, 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் பணி தொடங்கிற்று. புற்றினைப் புற்றென்று அறிந்து கூறுவார் இல்லையேல் அத்தகைய நிலையம் ஒருநாளும் நடவாது.

2017-ல் நம் ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்துவிட்டது. ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. மருத்துவம் பயிலச் சென்றுள்ள நம் பழைய மாணவர், சோதனைக்கு அனுப்பும் சீட்டில் வெறும் பெயரும் வயதும் குறித்தல் ஒழிந்து, நோயின் வரலாற்றையும் எழுதுக. முதுநிலைக் கல்வி நாடுவோர் இத்துறையை எஞ்சியதென்று ஏலாது, விரும்பித் தேர்க. இன்று கணிப்பொறியும் நுண்ணேடுகளைப் படிக்கப் பழகி வருகின்றது. ஆயினும், விடைக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட மனிதர் ஒருவர் வேண்டும். அவர் நம் கலாசாலையினின்று சென்றவராயின், அவரை அத்தாய் அறியாள், நாம் அறிவோம்.