முகவனுக்குத் தமிழுறுப்பு வடிப்போம்!

‘பேத்துப்பாறை’ என்னும் ஊர்ப்பெயரில் எத்துணை எழுத்துகள்? தொடக்கப்பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணி ஆறு என்று விடையிறுக்கும். கணினியோ பன்னிரண்டு என்னும். ஒருங்குறி முறையில் ‘பே’ என்பது பகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு. ‘த்’ என்பது தகரமும் புள்ளியுமாக இரண்டு. இவ்வாறே ஆறும் பன்னிரண்டாகின்றன. பழனிமலைத் தொடரிலுள்ள இச்சிற்றூரின் பெயரையே எண்ணத் தெரியாத பொறியிடம் தமிழன் தன் அன்றாடப் பணிகளை ஒப்படைக்கும் காலம் வந்துவிட்டது. நாம் என் செய்யப் போகின்றோம்?

செயற்கை அறிவுத் துறையார் இன்று ‘முகவன்’ என்று ஒன்றைப் பேசுகின்றனர். கேட்ட வினாவிற்கு விடை சொல்வதோடு நில்லாமல், இட்ட பணியைப் படிப்படியாகப் பகுத்து, வேண்டிய கருவிகளைத் தானே அழைத்து முடித்துத் தரும் நிரல் அது. அதற்கு உறுப்புகள் வேண்டும். பேச்சை எழுத்தாக்க ஒன்று. சொல்லின் பகுதி காண ஒன்று. விலைப்பட்டியல் பார்க்க ஒன்று. விடை மொழிய ஒன்று. நன்கு வடித்த உறுப்பை ஒரு பணியோட்டத்தினின்று எடுத்து மற்றொன்றிற் பூட்டலாம். அவ்வாறு பூட்டுதற்கென ‘எம்.சி.பி.’ என்னும் பொது இணைப்பு நெறியொன்றை ஆந்திரோப்பிக்கு நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. பூட்டும் வழி எவர்க்கும் திறந்திருக்கின்றது. பூட்டுதற்குரிய தமிழுறுப்புகளை வடிப்பவர் யார் என்பதே வினா.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதனை விளைவிக்கும் உழவர் ஒருவர், வடுகபட்டிச் சந்தை நிலவரம் அறிய, ‘பூண்டை எப்போது இறக்கலாம்?’ என்று முகவனைக் கேட்பதாகக் கொள்வோம். ‘பூண்டு’ என்று தேடும் வெறும் நிரலுக்குப் ‘பூண்டை’ அகப்படாது. ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு ஐயுருபு ஏறியிருப்பதே கரணியம். வகுப்பறையில் நாம் நாடோறும் கற்பிக்கும் புணர்ச்சி நெறிதான் ஆங்கு வேண்டப்படும் உறுப்பு! அதனை ஒருமுறை செவ்வையாக வடித்துவிட்டால், ஊராட்சிக்கு எழுதும் வேண்டுகை மடலுக்கும், மருத்துவமனைச் சீட்டிற்கும், நூலகப் பட்டியலுக்கும் அதுவே உதவும்.

‘உள்ளே எல்லாம் ஆங்கிலத்தில் ஓடட்டும், முன்னும் பின்னும் மொழிபெயர்த்துக் கொள்வோமே’ என்பர் சிலர். அஃதாவது, தமிழ் வாயிற்காவலாக நிற்க, அகத்தே ஆங்கிலம் ஆளவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ‘அவன்’, ‘அவர்’ என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. அம்மொழிக்குட் புகுந்து மீளும் மடலில் ஊர்ப்பெரியவர் ‘அவன்’ ஆகிவிடக் கூடும். ‘நாங்கள் தண்ணீரின்றி வாடுகின்றோம்’ என்று ஊரார் எழுதியது, ‘நாம் வாடுகின்றோம்’ என்று திரும்பி, மடல் பெறும் அலுவலரையும் வாடுவோருள் ஒருவராக்கிவிடக் கூடும். நகைப்பதற்கன்று, முறையீடே பொருள் மாறிப்போகும்.

இது நம்மால் இயலாத செயலன்று. முப்பது முதலெழுத்துகளைக் கொண்டே 216 உயிர்மெய்களை ஆக்கிய மரபு நமது. ஒருமுறை வடித்ததைப் பலகாலும் ஆளும் அறிவு நமக்குப் புதிதா? சென்னையில் 1999-இல் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே ‘தமிழ்99’ விசைப்பலகை பொதுமுறையாயிற்று. பன்னீருயிர், பதினெண்மெய், ஆய்தம் என 31 விசைகளே அதன் அடிப்படை. மேலே சொன்ன எழுத்தெண்ணும் குறையை நீக்கும் உறுப்பும் ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் கட்டற்ற நிரற்றொகுதியில் உளது. பெயரிற் பாதி ஆங்கிலமாயினும் அதன் பணி முழுதும் தமிழே!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பலவிடத்தும் பூட்டப்படும் உறுப்பில் ஒரு பிழை இருப்பின், அப்பிழையும் பலவிடத்தும் பரவும். ஆகலின் இலக்கணம் கற்றார் நிரலர் அருகில் அமர்ந்து, ஒவ்வொரு விதியையும் விதிவிலக்கையும் எடுத்துக்காட்டோடு ஆய்ந்து தருதல் வேண்டும். வடித்த உறுப்பு எவர்க்கும் உரிமையுடையதாய் இருத்தல் வேண்டும். பணம் செலுத்தல், மடல் விடுத்தல் போன்றவற்றில் மாந்தர் ஒப்புதலின்றி முகவன் இயங்குதல் ஆகாது.

தமிழாசிரியன்மாரே! வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் களைவதோடு நம் கடன் முடிந்துவிடவில்லை. நீங்கள் கற்ற புணரியலைக் கணினிக்கு எழுதிக் கொடுங்கள். நாம் கொடாவிடின், தமிழறியாதான் ஒருவன் தனக்குத் தோன்றியவாறு எழுதுவான். அதுவே நாளை தமிழ் என வழங்கும்.