காலியாகும் நிலம் ஆற்றுக்கே சேர வேண்டும்

எண்ணூர் கழிமுகத்தைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் காலனிகளிலும் வாழும் மீனவர்கள், ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள், ஆலைகளில் ஒப்பந்தக் கூலிகளாக இருப்பவர்கள், வாடகைக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் சேர்ந்தது எங்கள் கூட்டமைப்பு. மறுகுடியமர்வு பற்றியும் கொசஸ்தலை ஆற்றை மீட்பது பற்றியும் நாங்கள் எடுத்திருக்கும் முடிவை இங்கே பதிவு செய்கிறோம்.

"இடம் மாறச் சம்மதமா, இல்லையா?" என்றுதான் அதிகாரிகள் எங்களிடம் கேட்கிறார்கள். சில தெருக்களுக்கு மாறியே ஆக வேண்டும் என்பதை ஏற்கிறோம். ஆனால், ஆற்றை அப்படியே விட்டுவிட்டு ஆட்களை மட்டும் கிளப்பும் எந்தத் திட்டத்தையும் ஏற்க மாட்டோம்.

இங்கே வெள்ளம் ஏன் வருகிறது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3.231 டி.எம்.சி. அது நிரம்பி உபரி நீரைத் திறந்தால், அத்தனையும் கொசஸ்தலை வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்துதான் கடலில் சேர வேண்டும். மணலிப் பக்கத்து மழைநீரும் பக்கிங்காம் கால்வாய் வழியாக இங்கேதான் வருகிறது. இவ்வளவு நீரையும் தாங்கி, கடல் ஏற்றம் இறங்கும்வரை பிடித்துவைத்திருந்து பிறகு விட்டவை இந்தக் கழிமுகத்தின் சதுப்பும் உப்பளமும்தான். அந்தச் சதுப்பில் நிலக்கரிக் கிடங்கும் சாலையும் துறைமுகக் கட்டுமானமும் ஏறின. அனல்மின் நிலையச் சாம்பலைக் குழம்பாகக் கொண்டுபோகும் குழாய்கள் பல ஆண்டுகள் உடைந்து ஒழுகி, ஆற்றின் படுகையையே மேடாக்கிவிட்டன. ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடங்களில் இன்று முழங்கால் தண்ணீரில் நடக்கிறோம். ஆற்றுக்குள் இடமில்லாத தண்ணீர் 2015இலும் 2021இலும் 2023இலும் மணலி புதுநகருக்குள் புகுந்தது. இதை இயற்கைச் சீற்றம் என்று எழுதுவதை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தில் எண்ணெயும் வந்தது. எர்ணாவூரில் வீட்டுச் சுவரில் அது நின்ற மட்டம் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அலையாத்தி மரங்களின் வேர்களிலும் வலைகளிலும் படகுகளிலும் ஒட்டிக்கொண்டது. கூழைக்கடாக்கள் இறக்கை நனைந்து தவித்தன. முதல் நாட்களில் அதைக் கையாலும் வாளியாலும் அள்ளி டிரம்மில் நிரப்பியவர்கள் எங்கள் மீனவர்களே. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது; குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். வெள்ளத்தையும் விஷத்தையும் வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் இனியாவது முடிய வேண்டும். எங்கள் வாசலுக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

யார் மாற வேண்டும்? சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கம் மக்கள் மாற்று இடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுக்கிறார்கள். குடிநீரிலும் சோற்றிலும் சாம்பல் விழும் ஊரில் ஒரு குடும்பத்தை இன்னொரு கோடை இருக்கச் சொல்வது கொடுமை. அவர்களுக்கு உடனே இடம் வேண்டும். ஆற்றை மீட்கும்வரை பொறுங்கள் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆற்றங்கரையின் தாழ்வான தெருக்களைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. மூச்சிரைப்பால் அவதிப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்கள் நாளைக்கே போகலாம் என்கிறார்கள். ஆற்றுத் தொழில் செய்பவர்கள் கரையை விட்டால் பிழைப்பில்லை என்கிறார்கள். இரண்டும் நியாயம். அதனால் ஒட்டுமொத்தமாக ஊருக்கு ஒரு முடிவு என்பதைக் கைவிட்டு, தெருத் தெருவாக, பட்டா இல்லாதவர்களையும் வாடகைக்கு இருப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசித் தீர்மானிக்க வேண்டும் என்கிறோம்.

எங்கே என்பதில் மட்டும் எங்களுக்குள் பேதமில்லை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் என்ன சொல்லிக் கட்டப்பட்டன, அங்கே போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நகரமே பார்த்தது. சுனாமிக்குப் பின் கடற்கரையிலிருந்து செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள், தொழிலை இழந்ததோடு ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீரிலும் நின்றன. இறால் தடவும் பெண் வத்தம் பார்த்து ஆற்றில் இறங்குபவள். தண்ணீர் இறங்கும் நேரம் தினமும் தள்ளிப்போகும். ஒருநாள் விடியலில், ஒருநாள் உச்சிவெயிலில். அவளை நகரத்தின் மறுகோடியில் எட்டாவது மாடியில் குடிவைத்தால், வீடு கொடுத்த கையாலேயே அவள் தொழிலைப் பிடுங்கியதாகும். ஆற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், பெண்கள் பெயரில் பட்டாவோடு வீடு வேண்டும். அப்படிப்பட்ட நிலம் இந்தப் பகுதியில் இல்லை என்று எங்களிடம் சொல்லாதீர்கள். ஆலை விரிவாக்கம் என்றால் மட்டும் அது கிடைத்துவிடுகிறது.

எங்கள் பெரிய சந்தேகம் நாங்கள் போன பிறகு என்ன நடக்கும் என்பதுதான். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்துக்காகக் குப்பமே இடம் மாறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். வெள்ள அபாயம் என்று சொல்லி எங்களை எழுப்பிய இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி இன்னொரு கிடங்கு வருமானால், அடுத்த வெள்ளம் இன்னும் உள்ளே, இன்னொரு தெருவுக்குப் போகும். ஆகவே காலியாகும் ஒவ்வொரு மனையும் கழிமுகத்தின் பகுதி என்று புல எண்ணோடு அரசிதழில் வர வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் கழிமுகமாகக் காட்டப்பட்ட பரப்பு முழுவதும் எல்லைக்கல் நட்டு மீட்கப்பட வேண்டும்.

மீட்பு என்றால் நாற்று நட்டுப் புகைப்படம் எடுப்பது போதாது. முதலில் சாம்பலை, கீழே பழைய சேறு தெரியும்வரை, ஆலைகளின் செலவில் அள்ள வேண்டும். அள்ளியதை இன்னொரு ஊரின் தாழ்நிலத்தில் கொட்டக் கூடாது. எல்லா இடத்திலும் அலையாத்தி நடுவதும் தப்பு. ஏற்றத்தில் மூழ்கி வத்தத்தில் வெளியே தெரியும் சேற்றுத் திட்டுகள் நண்டுக்கும் இறாலுக்கும் பறவைக்கும் உரியவை, அவற்றைத் திட்டுகளாகவே விட வேண்டும். எங்கே ஆழம் இருந்தது, எங்கே மடவை மீன் ஏறியது என்று அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை வைத்து அளவெடுங்கள். வேலையை ஆற்றுத் தொழில் செய்யும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கையுறை, முகக்கவசம், நியாயமான கூலியோடு கொடுங்கள்.

புதிதாக எதையும் ஏற்றாதிருப்பதும் மீட்பில் சேர்ந்ததே. 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அங்கே 660 மெகாவாட் அலகு அமைப்பது குறித்து 2024 டிசம்பரில் நடந்த கருத்துக்கேட்பில் மக்கள் எழுந்து எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நாங்களும் நிற்கிறோம்.

எந்தத் தெரு, எந்த மாற்றிடம், காலியாகும் மனை எந்தப் பெயரில் பதியப்படும் என்ற மூன்றும் எழுதிய வரைபடம் தமிழில் எங்கள் ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டப்பட வேண்டும். அதுவரை கணக்கெடுப்புத் தாள் எதிலும் கையெழுத்திட மாட்டோம். செப்பாக்கத்துக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அங்கே நாளையே வேலை தொடங்கலாம்.