மீனாட்சி என்னும் திருநாமம்

மதுரையைச் சூழ்ந்த நாட்டில் தெருவுக்குத் தெரு வழங்கிவரும் மீனாட்சி என்ற பெயருக்கு அர்த்தம் யாதென்று கேட்டால், மீனைப் போன்ற கண்ணுடையவள் என்று சொல்லிப் பலரும் அவ்வளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். கண்ணழகைச் சொல்லும் பெயர் என்பது மெய்யே; ஆனால் அது பாதி அர்த்தம்தான் என்பது என் அபிப்பிராயம்.

மீன் தான் இட்ட முட்டைகளைப் பார்வையினாலேயே பொரிக்கும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். இயற்கை நூலார் அதை ஒப்பமாட்டார்கள். எனினும், கடாக்ஷம் ஒன்றினாலேயே உயிர்களைக் காப்பவள் என்ற கருத்தை அந்த நம்பிக்கையினின்றே பெற்றுப் பக்தர்கள் இந்நாமத்தை ஓதிவந்திருக்கிறார்கள். பாண்டியரின் கொடியிலும் காசிலும் பொறித்திருந்தது மீனே ஆதலால், மலையத்துவச பாண்டியனின் வேள்வித் தீயில் தடாதகை என்னும் பெயருடன் தோன்றிய மீனாட்சி, தந்தைக்குப் பின் முடிசூடித் திக்விஜயம் புறப்பட்டுக் கயிலை வரை சென்றாள் என்று திருவிளையாடற் புராணம் விவரிக்கும் கதையும் இப்பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. கண்ணைக் குறிக்கும் 'அக்ஷி' என்ற வடசொல் தமிழ் நாவில் 'ஆட்சி' என்று முடிந்தது வெறும் ஒலிமாற்றமே. ஆயினும், சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாளில் அம்மனுக்கு முடிசூட்டிச் செங்கோல் அளித்து, ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் நடக்கும் வரையில் மதுரை அவளுடைய ராஜ்யமே என்று கொண்டாடும் ஜனங்களின் செவியில் அது அரசாட்சியாகவே ஒலிப்பதில் வியப்பென்ன?

ஆண்டுதோறும் ஒரு பெண்ணின் ஆட்சியை இவ்வளவு கோலாகலமாகப் போற்றும் நாம், மனைவியின் சொல் செல்லும் வீட்டைக் கண்டால் 'மதுரையா, சிதம்பரமா?' என்று பரிகாசம் செய்வது சிறிதும் பொருந்தாது. உ. வே. சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் போல, அம்மையின் நாமம் முன்னும் அப்பனின் நாமம் பின்னுமாக அமைந்த பெயரை ஆண்களே பெருமையுடன் தாங்கிய நாடல்லவா இது!

அழைப்பதற்கு எளிதென்று மீனா, மீனு என்று குறுக்குவதில் குற்றமில்லை. ஆனால் மகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டியிருக்கும் பெற்றோர்களே, உன் கண் அழகு என்று கொஞ்சுவதோடு நின்றுவிடாமல், அரியணையில் அமர்ந்து நாடாண்டவளின் பெயர் உன் பெயர் என்பதையும் அவளுக்கு அறிவுவரும் பருவத்திலேயே சொல்லிவையுங்கள்.