கணக்கு யார் கையில்?

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் வார்ட்டன் வணிகப் பள்ளி என்று ஒன்று உண்டு. 1881-இல் தோன்றியது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே கோடை விடுமுறையில் வணிக வகுப்பு நடத்துகிறார்கள். முதலீடு என்றால் என்ன, சந்தை எப்படி நடக்கிறது, ஒரு நிறுவனத்தை எப்படி நிர்வகிப்பது என்பதையெல்லாம் கல்லூரிப் படியேறும் முன்பே கற்றுத் தருகிறார்கள். கட்டணம் பல ஆயிரம் டாலர். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் போய்ப் படிக்கிறார்கள்.

படிக்கட்டும், நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதே கோடையில் தஞ்சைத் தரணியின் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் காலம் அது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதுவரை விவசாயக் கூலிக்கு வேலை அரிது. பதினொன்றாம் வகுப்பை முடித்த தொழிலாளி வீட்டு மகன் கடைக்குப் போகிறான். சித்தாள் வேலைக்குப் போகிறான். அங்கே ஒரு பிள்ளை இலாபக் கணக்குப் படிக்கிறது. இங்கே ஒரு பிள்ளை செங்கல் சுமக்கிறது!

"வாணிபம் நமக்கு எதற்கு? அது முதலாளியின் வித்தை அல்லவா?" என்று தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். விடை சொல்கிறோம்.

100 மூட்டை நெல். மூட்டைக்கு 40 கிலோ. மூட்டைக்கு ஒரே ஒரு கிலோ கூடுதலாக நிறுத்து எடுத்தால் விவசாயிக்குப் போவது 100 கிலோ, அதாவது ஒரு குவிண்டால். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலைப்படி சாதாரண ரக நெல் குவிண்டால் 2369 ரூபாய். ஒரு கிலோதானே என்று விட்டதன் விலை இது! கணக்குத் தெரிந்தவன் கேட்பான். தெரியாதவன் தலையைச் சொறிவான்.

இன்னொன்று. வாரத் தவணை, மாதத் தவணை என்று கடன் நம் தெருக்களில் புகுந்திருக்கிறது. 10,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வட்டி. முதலையும் வட்டியையும் சேர்த்து 12 மாதத் தவணையாகக் கட்டு என்கிறார்கள். மாதம் 933 ரூபாய். நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் மாதா மாதம் முதல் குறைந்து வருகிறதே! கட்டி முடித்த முதலுக்கும் சேர்த்தல்லவா வட்டி போகிறது! குறையும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 21 விழுக்காட்டைத் தாண்டும். இந்தக் கணக்கைக் கடன் கொடுப்பவன் அறிவான். வாங்கும் தாய்க்கு அதைச் சொல்ல அவள் வீட்டில் ஒரு பிள்ளை வேண்டாமா?

வணிக அறிவு முதலாளியின் தனிச் சொத்தல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலை நகரில் 1844-ஆம் ஆண்டு டிசம்பரில் தொழிலாளிகள் ஒன்று கூடி, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கடை திறந்தார்கள். கலப்படமில்லாச் சரக்கு, சரியான எடை, இலாபம் உறுப்பினர்க்கே. கூட்டுறவு இயக்கம் உலகெங்கும் பரவ அந்தச் சிறு கடையே முன்மாதிரி ஆயிற்று. கணக்குப் புத்தகத்தைக் கண்டு அவர்கள் அஞ்சவில்லை; கையில் எடுத்தார்கள்.

நம் மண்ணுக்கும் இது புதிதல்ல. சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தார் 1886-இலேயே வணிகப் பள்ளி கண்டார்கள். 1904-இல் கும்பகோணத்தில் ஒரு வங்கி பிறந்தது. இன்று சிட்டி யூனியன் வங்கி என நாடறிய நிற்கிறது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. காவிரிக் கரைக்கு வாணிபம் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. தெரிந்தவர் சிலராக இருக்கிறார்கள் என்பதே நம் குறை.

2022-இல் தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று வழிகாட்டக் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் வழியைக் காட்டுவது வேறு. சில அடி நடத்திக் காட்டுவது வேறு. பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த பிள்ளை ஏட்டில் பேரேடு எழுதுகிறான். ஓர் அரவை ஆலையின் வரவு செலவை, நெல் அரிசியாகும்போது தவிடும் உமியும் யாருக்கு என்ன விலையாகின்றன என்பதை, அவன் கண்ணால் கண்டதில்லை.

கற்றுத் தர இடமா இல்லை? திருச்சியில் 2011 முதல் இந்திய மேலாண்மைக் கழகம் இருக்கிறது. தஞ்சையில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. தொழில்முனைவும் மேலாண்மையும் அதன் பெயரிலேயே உண்டு. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டடங்கள் மே மாதத்தில் பூட்டிக் கிடக்கின்றன.

ஆகவே நாம் கேட்பது இது: பதினொன்றாம் வகுப்பு முடித்த அரசுப் பள்ளி மாணவ மாணவியருக்கு மே மாதத்தில் இரண்டு வார வணிக வகுப்பு. தமிழில் நடக்கட்டும். காலையில் பாடம், மாலையில் கொள்முதல் நிலையம், அரவை ஆலை, கூட்டுறவு வங்கி. கட்டணம் கூடாது. அது மட்டும் போதாது! அந்த இரண்டு வாரக் கூலி போனால் அடுப்பெரியாத வீடுகள் உண்டு. சாப்பாடும் நாள் படியும் தந்தால்தான் ஏழை வீட்டுப் பிள்ளை வருவான். இல்லையேல் இலவசம் என்று எழுதிய பலகைக்குக் கீழேயும் வசதி உள்ளவனே உட்கார்ந்திருப்பான்.

தோழர்களே! உங்கள் கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தீர்மானம் போடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுங்கள். உங்கள் தெருவில் பிளஸ் ஒன் படிப்பவர் யார் என்று இன்றே எண்ணுங்கள். பெண் பிள்ளைகளை விட்டுவிடாமல் எண்ணுங்கள்.

நெல்லை விளைவிப்பது நம் கை. அளப்பது இன்னொரு கை, எழுதுவது வேறொரு கை என்று எத்தனை காலம் இருப்பது? எழுதுகோலும் நம் பிள்ளையின் கைக்கு வரட்டும்!